ஸ்கூல் பசங்க கைக்கு சிகரெட்டும் வேப்பும் (இ-சிகரெட்) போகாம தடுக்க நம்ம வார்டுல என்ன பண்ணலாம்: வரி, லைசென்ஸ், மனு, ஃபாலோ-அப்

"சிகரெட்டுக்கு மாநகராட்சியே தனியா ஒரு வரி போட்டா என்ன, விலை ஏறுனா பயலுக தானா நிறுத்திருவாய்ங்கல்ல"ன்னு பேரன்ட்ஸ் குரூப்புல அடிக்கடி ஓடுது. கேக்குறது நியாயம்தான். ஆனா யார்கிட்ட எதக் கேக்கணும்னு தெரியாம மனு கொடுத்தா "எங்கள் அதிகார வரம்புக்கு உட்பட்டதல்ல"ன்னு ஒத்த வரியில பதில் வந்து அதோட முடிஞ்சிரும். அதனால எது டெல்லி கையில இருக்கு, எது சென்னை கையில இருக்கு, எது மதுரை மாநகராட்சி ஆபீஸ், அதான் தல்லாகுளம் அண்ணா மாளிகையில இருக்கவங்க கையில இருக்கு, எத நம்மளே ஸ்கூல் வாசல்ல நின்னு முடிச்சுரலாம்னு பிரிச்சு எழுதுறேன். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி பக்கம் ஊராட்சியில இருக்கவங்களுக்கும் சேத்துத்தான்.

வரி வேலை செய்யுமா?

செய்யும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு என்னன்னா விலை 10% ஏறுனா நம்மள மாதிரி நாடுகள்ல மொத்த பயன்பாடு ஏறக்குறைய 5% குறையும், அதுலயும் பெரியவங்கள விட பசங்ககிட்ட தான் இது கூடுதலா வேலை செய்யும், ஏன்னா பெரியவங்களுக்கு பழக்கம் ஊறிப்போச்சு, எப்படியாவது வாங்கிருவாங்க, பத்தாப்பு பையன் கையில பஸ்ஸுக்கும் பரோட்டாவுக்கும் வீட்டுல கொடுத்த காசு தான் இருக்கும். அமெரிக்காவுல நியூயார்க் நகரமே 2002ல ஒரு பாக்கெட்டுக்கு 8 சென்ட்டா இருந்த நகர வரிய ஒன்றரை டாலரா ஏத்துச்சு. கூடவே ஹோட்டல், பார்னு எல்லா இடத்துலயும் புகைக்கத் தடை, டிவி விளம்பரம்னு சேத்து அடிச்சாங்க. 2001ல 17.6% ஹைஸ்கூல் பசங்க புகைச்சிக்கிட்டு இருந்தது 2007ல 8.5% ஆச்சு. கொலராடோ மாநிலத்துல போல்டர்ங்கிற ஊர்ல 2019ல ஜனங்களே ஓட்டு போட்டு வேப்புக்கு 40% வரி கொண்டுவந்தாங்க. அங்கெல்லாம் ஊருக்கு ஊரு வரி போடுற அதிகாரம் சட்டத்துல இருக்கு, அதனால முடிஞ்சது.

இங்க ஏன் முடியாது?

2017 ஜூலை 1ல ஜிஎஸ்டி வந்ததுல இருந்து பெரும்பாலான பொருள் மேல போடுற வரி ஜிஎஸ்டி கவுன்சில் வழியாத்தான். புகையிலைக்கு மட்டும் அதுக்கு மேல கலால் வரி போடுற அதிகாரத்த மத்திய அரசு தன் கையில வச்சிருக்கு. மாநகராட்சியோ ஊராட்சியோ சிகரெட் பாக்கெட்டுக்கு இத்தன ரூபான்னு வரி போட்டா அது கோர்ட்டுல ஒரு நாள் கூட நிக்காது. சமீபத்துல நடந்த மாற்றத்தையும் தெரிஞ்சுக்கங்க: 2025 டிசம்பர்ல பார்லிமென்ட்ல சட்டத்த திருத்துனாங்க, 2026 பிப்ரவரி 1ல இருந்து சிகரெட்டுக்கு ஜிஎஸ்டி 40%, அதுக்கு மேல நீளத்தப் பொறுத்து ஆயிரம் சிகரெட்டுக்கு 2,050 ரூபாயில இருந்து 8,500 ரூபா வரைக்கும் கலால் வரி. நல்ல விஷயம். ஆனா பீடிய 28%ல இருந்து 18%க்கு இறக்கி வச்சிருக்காங்க. இதுதான் எனக்கு மனசு ஆறல. சிகரெட் விலை ஏறுனா பையன் நிறுத்துறதுக்கு பதிலா பீடிக்கு போயிரலாம், அதுவும் நம்ம கிராமத்துப் பக்கம் பீடி கிடைக்காத கடை எங்க இருக்கு? தென்காசி, முக்கூடல் பக்கம் பீடி சுத்துற பொம்பளைங்க பொழப்பு இதுல இருக்குங்கிறது வாஸ்தவம், அவங்களுக்கு வேற வழி காட்ட வேண்டியது அரசாங்கத்தோட கடமை, அதுக்காக பீடிய மலிவா வச்சிருக்கறது தீர்வு ஆகாது.

உலக சுகாதார நிறுவனம் சொல்றது, விக்கிற விலையில 75% வரியா இருக்கணும்னு. நம்ம நாட்டுல ரொம்ப வருஷமா சிகரெட்டுல பாதிக்கு கொஞ்சம் மேல, பீடியில கால்வாசிக்கும் கீழ. இத மாத்தணும்னா மனு போக வேண்டிய இடம் மாநில நிதியமைச்சர். ஜிஎஸ்டி கவுன்சில்ல அவரும் ஒரு மெம்பர், அங்க ஓட்டுல மூணுல ஒரு பங்கு மத்திய அரசுக்கு, மூணுல ரெண்டு பங்கு மாநிலங்களுக்கு, ஒரு முடிவு எடுக்க நாலுல மூணு பங்கு வேணும். அதனால நம்ம மாநிலம் அங்க வாயத் திறந்து பேசுறது முக்கியம். "பீடி வரிய சிகரெட் வரியோட சமமா கொண்டு வாங்க, வருமானம் ஏறுற அளவுக்கு வருஷா வருஷம் வரியும் ஏறணும்" இந்த ரெண்டத்தான் கேக்கணும். ஒரு கடிதம், எம்எல்ஏ ஆபீஸ்ல ஒரு காப்பி. அதுக்கு மேல இதுல மெனக்கெட வேணாம், நம்ம பலம் வேற இடத்துல இருக்கு.

வரிய விழுங்குறது ஒத்த சிகரெட் தான்

டெல்லியில எம்புட்டு வரி போட்டாலும் அது பாக்கெட் மேல தான் விழுது. நம்ம பையன் பாக்கெட்டா வாங்குறான்? ஒண்ணு வாங்குறான், இல்ல ரெண்டு பேரு சேந்து ஒண்ணு வாங்குறாய்ங்க. பாக்கெட் விலை அம்பது ரூபா ஏறுனா ஒத்த சிகரெட்டுல அது சில்லறை வித்தியாசமா கரைஞ்சு போயிருது. பாக்கெட்டுல 85% இடத்துக்கு அடிச்சிருக்க எச்சரிக்கை படம் அவன் கண்ணுலயே படாது, ஏன்னா கடைக்காரர் டப்பாவுல இருந்து உருவி கையில கொடுத்துர்றாரு. மகாராஷ்டிரா 2020ல ஒத்தையா விக்கிறதுக்கு தடை போட்டுச்சு. கர்நாடகா 2025ல இருந்து ஒத்த விற்பனைக்கு தடை, வயசு 21, அபராதம் ஆயிரம் ரூபான்னு மாநில அளவுல சட்டத்தையே திருத்திருச்சு. பக்கத்து மாநிலம் செஞ்சத நம்ம மாநிலம் செய்ய முடியாதா என்ன. இத மனுவுல அப்படியே எழுதலாம்.

நம்ம கையில இருக்க ஆயுதம்: தனி லைசென்ஸ்

உள்ளாட்சிக்கு சிகரெட் மேல வரி போட அதிகாரம் இல்ல, ஆனா கடைக்கு தொழில் உரிமம் கொடுக்குற அதிகாரம் இருக்கு. 2017 செப்டம்பர்ல மத்திய சுகாதார அமைச்சகமே எல்லா மாநிலத்துக்கும் ஒரு கடிதம் அனுப்புச்சு, புகையிலை விக்கிற கடைக்கு உள்ளாட்சி அமைப்பு மூலமா தனி அனுமதி வேணும்னு வைங்க, அப்படி அனுமதி வாங்குன கடையில மிட்டாய், சிப்ஸ், பிஸ்கட், கூல்டிரிங்க்ஸ் விக்கக்கூடாதுன்னு சொல்லுங்கன்னு. இதோட அருமை ஒரு பெட்டிக்கடை முன்னாடி ரெண்டு நிமிஷம் நின்னு பாத்தா புரியும். கீழ வரிசையில கடலை மிட்டாய், தேன் மிட்டாய் ஜாடி, அதுக்கு நேர் மேல சரம் சரமா தொங்குற பாக்கு பாக்கெட், பக்கத்துல சிகரெட் டப்பா, நூல்ல கட்டித் தொங்குற லைட்டர். அஞ்சாப்பு படிக்கிற புள்ள மிட்டாய் வாங்க நிமிந்தா கண்ணுக்கு நேரா தெரியறது அந்தச் சரம்தான். நாலு வருஷம் தினம் அதயே பாத்து வளந்துட்டு ஒம்பதாப்புல கை நீட்டும்போது அதுக்கு அது புதுசாவே தெரியாது.

இப்ப இருக்க அபராதத்த மட்டும் நம்பி பிரயோஜனம் இல்ல. 2003ல வந்த புகையிலை கட்டுப்பாட்டு சட்டம், கோட்பான்னு சொல்லுவாங்க, அதுல 6வது பிரிவுப்படி 18 வயசுக்கு கீழ இருக்கவங்களுக்கு விக்கக்கூடாது, கல்வி நிறுவனத்த சுத்தி 100 கஜத்துக்குள்ள யாருக்குமே விக்கக்கூடாது. மீறுனா அபராதம் 200 ரூபா வரைக்கும். அவ்வளவுதான். ஒரு மணி நேர வியாபாரத்துல கடைக்காரர் அத எடுத்துருவாரு. ஆனா "ரெண்டாவது தடவ மாட்டுனா லைசென்ஸ் கேன்சல்"னு இருந்தா கதையே வேற, ஏன்னா அப்ப போறது ஒரு வருஷத்து வியாபாரம்.

ஒரு விஷயத்துல ஜாக்கிரதையா இருங்க, மனுவுல "வரி"ங்கிற வார்த்தைய போடாதீங்க. "உரிமக் கட்டணம்"னு போடுங்க. கட்டணம்னா அந்த காசு கண்காணிப்புக்கும் சோதனைக்கும் ஆகுற செலவுக்கு பொருத்தமா இருக்கணும், கஜானாவ ரொப்புறதுக்கா இருந்தா அத வரின்னு சொல்லி கோர்ட்டுல அடிச்சுருவாங்க. அதனால மனுவுலயே இந்த கட்டணத்துல வர்ற காசு பள்ளி ஏரியா சோதனைக்கும் விழிப்புணர்வுக்கும் மட்டும்னு ஒரு வரி சேத்துருங்க.

மொதல்ல கணக்கெடுங்க

மனுவுக்கு முன்னாடி ஒரு சர்வே வேணும். வெறுங்கைய வீசிக்கிட்டு போய் "ஸ்கூல் பக்கத்துல விக்கிறாங்க சார்"னு சொன்னா "எந்தக் கடை?"ன்னு கேப்பாங்க, நம்ம முழிப்போம்.

100 கஜம்னா 91.44 மீட்டர். எப்படி அளக்கணும்ங்கிறதுல தான் சண்டையே வரும், "எங்க கடை ரோட்டு வழியா சுத்தி வந்தா நூத்தம்பது மீட்டர் சார்"னு கண்டிப்பா ஒருத்தர் சொல்லுவாரு. விதி தெளிவா இருக்கு: காம்பவுண்ட் சுவரோட வெளி ஓரத்துல இருந்து வட்டமா, நேர்கோட்டுல அளக்கணும். கேட்டுல இருந்து இல்ல, ரோட்டு வழியாவும் இல்ல. இதனால ஸ்கூலுக்கு பின்னாடி சந்துல இருக்க கடையும் வட்டத்துக்குள்ள வந்துரும், செல்லூர், ஆரப்பாளையம் மாதிரி நெருக்கமான ஏரியாவுல பின்பக்க சந்துக்கடை தான் நெறைய இருக்கும். அளக்க டேப்பெல்லாம் தேவையில்ல, போன்ல கூகுள் மேப்ப தொறந்து சுவர் ஓரத்துல அமுக்கிப் பிடிச்சா தூரம் அளக்குற ஆப்ஷன் வரும், அத கடை வரைக்கும் இழுத்தா நேர்கோட்டு தூரம் காட்டும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க. எல்லைக்கு ரொம்ப பக்கத்துல, 85, 95ன்னு வர்ற கடைக்கு மட்டும் டேப் வச்சு நேர்ல அளந்துருங்க. காலேஜும் கல்வி நிறுவனம்தான், நெறைய பேரு ஸ்கூலுக்கு மட்டும்னு நெனைச்சுக்கிட்டு இருக்காங்க.

ஒவ்வொரு கடைக்கும் ஒரு நோட்டுல எழுத வேண்டியது: இருக்கிற இடம், தூரம், என்னென்ன விக்குது, ஒத்தையா விக்கிறாங்களா, "18 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பது தண்டனைக்குரிய குற்றம்"ங்கிற போர்டு இருக்கா (60க்கு 30 சென்டிமீட்டர் இருக்கணும்), புகையிலைப் பொருள் சின்னப் பசங்க கைக்கு எட்டுற மாதிரி தொங்குதா, கல்லாவுல சின்னப் பசங்க நின்னு விக்கிறாங்களா. கடைசி ரெண்டும் கூட விதிமீறல்தான். வயசு விஷயத்துல இன்னொண்ணு, வாங்குனவன் 18 வயசு ஆனவன்னு நிரூபிக்க வேண்டிய பொறுப்பு விக்கிறவரோடது, நம்மளோடது இல்ல.

எது செய்யக்கூடாதுன்னா, நம்ம பிள்ளைய காசு கொடுத்து கடைக்கு அனுப்பி வாங்க வச்சு வீடியோ எடுக்குறது. வேணவே வேணாம். அது அந்தப் புள்ளைக்கும் கேடு, பின்னாடி புகாரையும் அதுவே குழப்பிரும். சாயங்காலம் ஸ்கூல் விடுற நேரம் பத்து நிமிஷம் எதிர்ல டீக்கடையில உக்காந்தா போதும், எல்லாம் தெரிஞ்சுரும். பசங்க முகம் தெரியுற மாதிரி போட்டோவும் எடுக்கக்கூடாது.

ரகம் பிரிங்க, இல்லைன்னா புகார் தப்பான மேசைக்கு போயிரும்

சிகரெட், பீடி: சட்டப்படி விக்கலாம், ஆனா மேல சொன்ன கட்டுப்பாடு. புகார் போலீஸ் ஸ்டேஷனுக்கும் மாநகராட்சி சுகாதார ஆய்வாளருக்கும், ஊராட்சின்னா ஆரம்ப சுகாதார நிலையத்து சுகாதார ஆய்வாளருக்கும். கலெக்டரேட் வழியா மாவட்ட புகையிலை கட்டுப்பாட்டு பிரிவுக்கு ஒரு காப்பி.

குட்கா, கூல் லிப் (உதட்டுக்குள்ள ஒதுக்கி வைக்கிற சின்ன புகையிலைப் பொட்டலம்), மெல்லுற புகையிலை பாக்கெட்: 2013ல இருந்து உணவு பாதுகாப்பு சட்டத்துல தமிழ்நாட்டுல தடை, வருஷா வருஷம் நீட்டிக்கிறாங்க. 2023 ஜனவரியில ஹைகோர்ட் அந்த தடைய ரத்து பண்ணுச்சு, ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் அந்த தீர்ப்புக்கு தடை போட்டுருச்சு, அதனால "கோர்ட்டே விக்கலாம்னு சொல்லிருச்சு"ன்னு கடைக்காரர் சொன்னா நம்பாதீங்க. கூல் லிப் பள்ளிப் பசங்ககிட்ட பரவுறத பத்தி 2024ல நம்ம ஹைகோர்ட் மதுரைக் கிளையே கவலைப்பட்டு கேள்வி கேட்டுச்சு. இந்த ரகத்துக்கு வரியோ லைசென்சோ கேக்க வேண்டியதே இல்ல, நேரா மாவட்ட உணவு பாதுகாப்பு அலுவலருக்கு புகார், கடைக்கு சீல் வைக்கிற அதிகாரம் அவங்ககிட்ட இருக்கு. 100 கஜம் தாண்டியிருந்தாலும் புகார் கொடுக்கலாம், ஏன்னா தடை மாநிலம் முழுக்க.

வேப், இ-சிகரெட்: இதுக்கு வரி கேக்குறது தான் பெரிய தப்பு. வரி கேட்டா அது விக்கலாம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். தமிழ்நாடு 2018லயே தடை பண்ணுச்சு, 2019ல நாடு முழுக்க சட்டம் வந்துருச்சு. தயாரிக்கிறது, இறக்குமதி, விக்கிறது, விளம்பரம், எல்லாம் குற்றம். முதல் தடவைக்கு ஒரு வருஷம் வரை ஜெயில் அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டும். திரும்ப மாட்டுனா மூணு வருஷம், அஞ்சு லட்சம் வரைக்கும் போகும். ஸ்டாக் வச்சிருந்தா ஆறு மாசம் அல்லது அம்பதாயிரம். புகார் போலீசுக்கு. மத்திய சுகாதார அமைச்சகம் 2023ல இதுக்குன்னே ஆன்லைன்ல புகார் போர்ட்டல் தொறந்திருக்கு, இன்ஸ்டாகிராம்ல விக்கிற அக்கவுன்ட் லிங்க்க அதுல போடலாம். பெட்டிக்கடையில வேப் பெரும்பாலும் இருக்காது, மொபைல் ஆக்சசரீஸ் கடை, கிஃப்ட் ஷாப், அப்புறம் கூரியர். பென்டிரைவ் மாதிரி, ஹைலைட்டர் மாதிரி இருக்கும், மாம்பழம், புதினா வாசம் அடிக்கும், பாத்தா அம்மா அப்பாவுக்கு தெரியாது. பையன் பையில சார்ஜ் போடுற பொருள் என்னன்னு தெரியாம ஒண்ணு இருந்தா கேளுங்க.

ரொம்ப மோசமான கேசுக்கு, அதாவது தெரிஞ்சே திரும்பத் திரும்ப சின்னப் பசங்களுக்கு விக்கிற ஆளுக்கு, இளைஞர் நீதிச் சட்டம் 2015ல 77வது பிரிவு இருக்கு. குழந்தைக்கு புகையிலை கொடுத்தா ஏழு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். 200 ரூபாய்க்கும் இதுக்கும் எம்புட்டு தூரம் பாருங்க. புகார்ல இந்த பிரிவையும் சேத்து எழுதுனா ஸ்டேஷன்ல கொஞ்சம் நிமிந்து உக்காருவாங்க. குழந்தை சம்பந்தப்பட்டதுன்னா குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அடிக்கலாம்.

கடைக்காரர்கிட்ட மொதல்ல பேசுங்க

புகாருக்கு முன்னாடி ஒரு தடவ நேர்ல போங்க, கூட்டமா போகாம ரெண்டு மூணு பேரு, அதுல ஒருத்தராச்சும் அந்தக் கடைக்கு தெனம் போறவங்களா இருக்கட்டும். நம்ம ஊர்ல நெறைய பெட்டிக்கடை வயசான அம்மாக்களோ, கை கால் முடியாதவங்களோ நடத்துறது, அவங்கள வில்லனாக்கி ஒண்ணும் ஆகப்போறதில்ல. இப்படி பேசலாம்:

"அம்மா, நம்ம ஸ்கூல் புள்ளைக இங்க வந்து சிகரெட் வாங்குதுக. நூறு கஜத்துக்குள்ள விக்கவே கூடாதுன்னு சட்டம்மா. நாங்க சொல்றதுக்கு முன்னாடி ஆபீசருங்க வந்து நின்னா உங்களுக்குத்தான் கஷ்டம்."

"நான் என்ன தம்பி பண்றது, சிகரெட் இல்லாட்டி டீ குடிக்கிறவன் கூட வரமாட்டேங்கிறான்."

"அத எடுத்துருங்கம்மா. நோட்டு, பேனா, சார்ட் பேப்பர், சுண்டல், கடலை மிட்டாய் வைங்க, ஸ்கூல் குரூப்புல உங்க கடையிலயே வாங்கச் சொல்லி போடுறோம்."

சொன்னத செய்யணும். அந்த அம்மா சிகரெட்ட எடுத்துட்டாங்கன்னா நம்ம பேரன்ட்ஸ் அங்க போய் வாங்கணும், இல்லைன்னா அடுத்த மாசமே டப்பா திரும்ப வந்து உக்காந்துரும், அவங்கள குறை சொல்ல முடியாது. பேசியும் கேக்காதவங்க, குறிப்பா குட்காவ பலகைக்கு அடியில வச்சு விக்கிறவங்க, அவங்களுக்கு ரெண்டாவது தடவ பேச்சு கிடையாது, புகார்தான்.

தீர்மானம் போடுங்க, அப்புறம் மனு

அரசுப் பள்ளின்னா பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும், தலைவரே ஒரு பெற்றோர்தான், மாசக் கூட்டத்துல இத பொருளா வச்சு தீர்மானம் போடுங்க. தனியார் பள்ளின்னா பெற்றோர் ஆசிரியர் கழகம். தனி ஆளு மனுவுக்கும் தீர்மானத்தோட போற மனுவுக்கும் மரியாதை வேற. தலைமை ஆசிரியர்கிட்ட ஸ்கூல் வாசல்ல "100 கஜத்துக்குள் புகையிலை விற்பனை தடை" போர்டு இருக்கான்னு கேளுங்க, இல்லைன்னா மொதல்ல அத வைங்க, நம்ம பக்கமே ஓட்டையா இருக்கக்கூடாது. 2019ல வந்த புகையிலை இல்லா கல்வி நிறுவன வழிகாட்டுதல் எல்லா பள்ளிக்கும் பொருந்தும், அத சுட்டிக்காட்டலாம்.

மனு இப்படி இருக்கலாம், காப்பி அடிச்சுக்கங்க:

பெறுநர்: ஆணையாளர் அவர்கள், மதுரை மாநகராட்சி.
பொருள்: பள்ளி அருகே புகையிலை விற்பனையைத் தடுக்கவும், புகையிலை விற்பனைக்குத் தனி உரிமம் கட்டாயமாக்கவும் வேண்டுதல்.
எங்கள் பள்ளியின் சுற்றுச்சுவரிலிருந்து 100 கஜத்துக்குள் உள்ள, இணைப்பில் கண்ட கடைகளில் புகையிலைப் பொருட்கள் விற்கப்படுகின்றன. இது 2003ஆம் ஆண்டு சட்டத்தின் 6வது பிரிவுக்கு முரணானது. இக்கடைகளில் உடனடியாக ஆய்வு செய்து நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம். மேலும், மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2017 செப்டம்பர் கடிதத்தின்படி, மாநகராட்சி எல்லைக்குள் புகையிலை விற்கத் தனி உரிமம் பெற வேண்டும், உரிமம் பெற்ற கடையில் குழந்தைகள் வாங்கும் தின்பண்டங்கள் விற்கக் கூடாது, சில்லறையாக ஒற்றை சிகரெட் விற்கக் கூடாது, பள்ளி, கல்லூரி அருகே உரிமம் வழங்கக் கூடாது, இரண்டாம் முறை மீறினால் உரிமம் ரத்து ஆக வேண்டும் என மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றி அரசுக்கு அனுப்ப வேண்டுகிறோம். உரிமக் கட்டணம் கண்காணிப்புப் பணிக்கு மட்டும் பயன்பட வேண்டும்.
இணைப்பு: கடைகளின் பட்டியல், தூர அளவீடு, பள்ளி மேலாண்மைக் குழு தீர்மான நகல்.

இத எங்க கொடுக்கறது? உங்க வார்டு கவுன்சிலருக்கு மொதல்ல, மாமன்றத்துல பேச வேண்டியவங்க அவங்கதான். நூறு வார்டுல ஒரு அஞ்சாறு கவுன்சிலர் ஒரே விஷயத்த எழுப்புனா தான் மேயர் டேபிளுக்கு போகும், அதனால அண்ணா நகர், கே.கே.நகர், திருப்பரங்குன்றம்னு வேற வேற ஏரியா ஸ்கூல் பேரன்ட்ஸோட சேந்து ஒரே மனுவ எல்லாரும் கொடுங்க. அடுத்து மண்டல ஆபீஸ் குறைதீர் முகாம், ஏரியா சபைக் கூட்டம், திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் நாள். எங்க கொடுத்தாலும் ரசீது நம்பர் வாங்காம நகராதீங்க. முதல்வரின் முகவரிக்கு 1100ல அடிச்சும் பதிவு பண்ணலாம்.

ஊராட்சியில இருக்கவங்களுக்கு இன்னும் வசதி, கிராம சபை இருக்கு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருஷத்துக்கு ஆறு தடவ. தலைவர் இல்லாம தனி அலுவலர் பொறுப்புல இருந்தா கூட கூட்டம் நடக்கும், தீர்மானம் போடலாம். கூட்டத்துக்கு முன்னாடியே ஊராட்சி செயலர்கிட்ட எழுதிக் கொடுத்து பொருள்ல சேக்கச் சொல்லுங்க, அன்னைக்கு எந்திரிச்சு கேட்டா "அடுத்த கூட்டத்துல பாக்கலாம்"னு தள்ளிருவாங்க. தீர்மான நோட்டுல எழுதுனாங்களான்னு பக்கத்துல நின்னு பாத்து போட்டோ எடுத்துட்டு வாங்க. அலங்காநல்லூர், ஒத்தக்கடை மாதிரி மெயின் ரோட்டு ஊர்ல பஸ் ஸ்டாப் கடைகதான் பிரச்சன, அத பேர் சொல்லாம "பள்ளி எதிரே உள்ள கடைகள்"னு தீர்மானத்துல போட்டா போதும், பட்டியல் தனியா. ஊருக்குள்ள பகை வளக்க வேணாம்.

பதில் வரலைன்னா

ரெண்டு மாசம் பாத்துட்டு தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க. வெள்ளைத் தாள், பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பதிவுத் தபால். கேள்விய "ஏன் நடவடிக்கை எடுக்கல"ன்னு கேட்டா பதில் வராது, ஏன்ங்கிறது தகவல் இல்லம்பாங்க. இப்படி கேளுங்க: கடந்த மூணு நிதியாண்டுல 6வது பிரிவுல எத்தன கடைக்கு அபராதம், எம்புட்டு வசூல், எந்தெந்த வார்டு. எங்க மனு எந்தத் தேதியில எந்த அலுவலர் மேசையில இருக்கு, குறிப்பாணை நகல் கொடுங்க. புகையிலை விக்க தனி உரிமம் பத்தி மாமன்றத்துல தீர்மானம் எதுவும் வந்திருக்கா, வந்திருந்தா நகல். முப்பது நாள்ல பதில் வரணும், வரலைன்னா அடுத்த முப்பது நாளைக்குள்ள முதல் மேல்முறையீடு. அபராத கணக்குல உங்க வார்டுக்கு நேரா சைபர்னு வந்துச்சுன்னா அந்த ஒத்தப் பக்கத்த கவுன்சிலர்கிட்ட கொடுங்க, லோக்கல் ரிப்போர்ட்டர்கிட்டயும் கொடுங்க.

ஏற்கனவே பழகிட்ட பையனுக்கு

கடைய மூடுறதுக்குள்ள சில பசங்க பழகியிருப்பாய்ங்க. அடிச்சா ஒளிச்சுத்தான் செய்வான். ஸ்கூல்ல மாட்டுனா டிசி கொடுக்கிறேன்னு மிரட்டுறது அதவிட மோசம், ஸ்கூல விட்டு வெளிய போன பையன் கையில சாராயம் வர ரொம்ப நாள் ஆகாது, இத பிரின்சிபால்கிட்ட தைரியமா பேசுங்க. வேப் விஷயத்துலயும் சட்டம் குறி வைக்கிறது விக்கிறவங்களையும் ஸ்டாக் வைக்கிறவங்களையும் தான், நம்ம புள்ளைய ஸ்டேஷனுக்கு இழுத்துட்டு போகாதீங்க, எங்க வாங்குனான்னு பொறுமையா கேட்டு அந்த தகவல மட்டும் கொடுங்க. புகையிலைய விடுறதுக்கு இலவச தேசிய ஹெல்ப்லைன் 1800-11-2356, கூப்பிட்டா கவுன்சிலிங் கொடுப்பாங்க. நேர்ல காட்டணும்னா பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவு ஓபிக்கு காலையிலயே போயிருங்க, செலவில்ல. கூல் லிப் வைக்கிற பையன்னா பல் டாக்டர்கிட்டயும் ஒரு தடவ காட்டுங்க, உதட்டுக்கு உள்பக்கம் ஈறு வெள்ளையா தடிச்சிருக்கா, வாய் முழுசா தொறக்க முடியுதான்னு பாக்கணும்.